வியாழக்கிழமை மாத்திரை

மன்னவனூர் பஸ் போய்விட்டது.
பூண்டு மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பும் பிக்கப்பில்
வெறும் சாக்குகள்மேல் உட்கார்ந்திருக்கிறேன்.
மடியில் மாத்திரைப் பெட்டி,
பூம்பாறையில் வாங்கிய பன் ஒன்று, இன்னும் பிரிக்காமல்.

ராத்திரி டூட்டி முடிந்துவிட்டது, கணக்குப்படி.
பகல் பார்ப்பவள் பிரசவ விடுப்பில்.
அவளுக்குப் பதில் ஆள் வரும் என்று
எட்டு மாதமாகச் சொல்கிறார்கள்.
நானும் ஒப்பந்தம்தான்,
மார்ச் வந்தால் நானும் வர வேண்டிய ஆள்.

மூன்று மணிக்கு ஒரு பிரசவம்.
அதே மூன்று மணிக்குக் காட்டுமாடு முட்டிய ஒருவர்.
கரண்ட் போனது.
காயக்காரரின் மச்சினன் கையில் செல்போன் விளக்கைக் கொடுத்து
'இங்கே காட்டு, இங்கே பார்க்காதே' என்றேன்.
பாவம், அவன் சுவரைப் பார்த்தபடியே
மாமா ஆனானா, சாட்சி ஆனானா தெரியவில்லை.
கொடைக்கானலிலிருந்து ஆம்புலன்ஸ் ஏறிவரும்வரை
ஒரு தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு
இன்னொரு கட்டிலுக்கு 'முக்கும்மா' என்று கத்தினேன்.
பெண். இரண்டு கிலோ எழுநூறு.

செயலியில் ஏற்றாத பிரசவம் நடக்காத பிரசவம்
என்றார்கள் போன மீட்டிங்கில்.
சிக்னல் சர்ச்சுக்குப் பின்னால், தைல மரத்தடியில்.
இன்னும் போகவில்லை.
நடக்காத பிரசவத்தில் பிறந்தவள்
இந்நேரம் பால் குடித்துக்கொண்டிருப்பாள்.

பள்ளியில் ஒரே கரும்பலகை. நடுவில் கோடு.
இடப்பக்கம் ஆறாம் வகுப்புக்குத் தசமம்,
வலப்பக்கம் ஏழாம் வகுப்புக்குப் பல்லவர்.
அருள்மேரி டீச்சர் கோட்டின்மேல் நிற்கிறார்.

'நீல மாத்திரை தின்னா நாளைக்குப் பிள்ளை தங்காது'
மூன்று நிமிடம் நாற்பது நொடி ஒரு குரல்
ஊரில் எல்லா போனிலும் இருக்கிறது.
நல்ல குரல். எங்கும் தயங்காத குரல்.
நான் வாய் திறந்தால்
'பொதுவாக', 'சிலருக்கு', 'சாப்பிட்ட பிறகு'.
தெரிந்தவள் பேச்சில்தான் இத்தனை வேகத்தடை.

சுவரோரம் நீலப்பூ கொத்துக் கொத்தாக.
'நாங்க துப்பின மாத்திரைலதான்க்கா இப்படிப் பூக்குது'
'அது மண்ணோட புளிப்புடா'
'மண்ணைத் தின்னு பாத்தீங்களா?'
எல்லோரும் சிரித்தார்கள்.
கவிப்பிரியா சிரிக்கவில்லை.
அவள் உதட்டோரம் பல்பப் பொடி.

கூப்பிட்டேன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.
'மொதல்ல உங்களுக்குக் குத்துங்க.'

குத்தினேன்.
கருவி யோசித்தது.
நாற்பது தலைகள் அந்தச் சின்னக் கண்ணாடிமேல் கவிந்தன.
ஒன்பது புள்ளி இரண்டு.

'எவ்ளோ இருக்கணும்?'
'பன்னிரண்டு.'
'அப்ப நீங்களும் துப்புறீங்களா?'

ஊருக்கெல்லாம் இமை இழுத்துப் பார்க்கிற நான்
என் இமையைக் கடைசியாக எப்போது பார்த்தேன்?
மூச்சு வாங்கியதை மேட்டின்மேல் போட்டேன்,
தலை சுற்றியதைத் தூக்கத்தின்மேல்.
படித்ததெல்லாம் அடுத்தவர் உடம்புக்கு.

பதில் சொல்லவில்லை. பன்னைப் பிரித்தேன்.
வெறும் வயிற்றில் போடக் கூடாது என்பதையாவது
அவர்கள் பார்க்கட்டும்.
பாதி தின்றேன், ஒரு நீலம் விழுங்கினேன்,
வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினேன்,
அவர்களிடம் நான் கேட்பதுபோல.
மீதிப் பாதியை கவிப்பிரியா பார்த்தாள்.
நீட்டினேன்.
பன்னை வாங்கிக்கொண்டாள். மாத்திரையை யோசிக்கிறாள்.

டீச்சர் இடப்பக்கம் எழுதினார்:
பன்னிரண்டில் ஒன்பது புள்ளி இரண்டு போக?
'மூணு புள்ளி எட்டு' என்று ஒருவன் கத்தினான்.
திருத்துவதற்குள் பல்லவர் பக்கம் யாரோ கைதூக்க
அங்கே திரும்பிவிட்டார்.

பிக்கப் ஹாரன் அடிக்கிறது.
'விழிப்புணர்வுக் கூட்டம், பயனடைந்தோர்' என்ற கட்டத்தில்
என்ன எண் போடுவது?
வாசலில் கவிப்பிரியா, வாய் நிறைய பன்னோடு:
'வர்ற வியாழனும் குத்திப் பாப்பீங்கல்ல? உங்களுக்கு?'